ஆயில் மோந்து சொல்லும் எல்லப்பன்

வடக்குப்பட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரையாவது தேடிப் போனால் வீட்டில் இருக்கமாட்டார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் எல்லப்பன் வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கார் இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க நிற்பார்கள். எல்லப்பன் அவசரப்படமாட்டான். நாஸ்டா முடித்து, லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு மஞ்சள் துணியைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். அந்தத் துணி அவன் வேலை செய்கிற கார் கம்பெனியில் கை துடைக்கக் கொடுப்பது. அதைப் பார்த்தாலே ஊருக்கு ஒரு மரியாதை.

முதல் வண்டியிடம் போவான். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவுவான். நுனியில் ஒட்டிய ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பான். மூக்குக்கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடுவான். அப்போது யாராவது இருமினால்கூடப் பக்கத்தில் நிற்பவன் முறைப்பான்.

"இப்ப இன்னா ஊத்திகினு கீற?"

"சிவப்பு டப்பாண்ணா."

"அதையே ஊத்து. இஞ்சின் அதுக்குப் பழகிடுச்சி. மாத்தினியோ, அப்புறம் என்னாண்ட வராத."

அடுத்த வண்டி. அதே குச்சி, அதே தேய்ப்பு, அதே கண் மூடல்.

"இப்ப இன்னா ஊத்திகினு கீற?"

"நீல டப்பாண்ணா."

"அதையே ஊத்து. இஞ்சின் அதுக்குப் பழகிடுச்சி."

அவ்வளவுதான் ஐயா வைத்தியம். எட்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். யாரையும் எதையும் மாற்றச் சொன்னதே இல்லை. மாற்றச் சொல்லாதவன் மேல் யார் எந்தப் பழியைப் போட முடியும்? வண்டி நன்றாக ஓடினால் எல்லப்பன் மூக்கு ராசி. ஓடாவிட்டால் கிளட்ச் கோளாறு, பெட்ரோல் கலப்படம், ஓட்டுகிறவனின் கால் சரியில்லை, இப்படி ஏதாவது ஒன்று. எதற்கும் ஆயில் காரணமாக இருந்ததில்லை.

இந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், வேலையால்தான் வந்தது. ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்தபோது ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். உள்ளே போனதும் வண்டிகள் நகர்ந்து வருகிற லைனில் ஒரு ஸ்டேஷன், அதாவது நின்று வேலை செய்கிற இடம், கொடுத்தார்கள். வருகிற ஒவ்வொரு புதுக் காருக்கும் இஞ்சின் ஆயில் நிரப்புகிற ஸ்டேஷன். இது ஊருக்குத் தெரிந்த அன்றே அவன் ஆயில் எல்லப்பன் ஆகிவிட்டான். நாட்டில் ஓடுகிற இத்தனை காருக்கும் முதல் ஆயில் ஊற்றுகிறவன் நம் ஊர்க்காரன் என்றால் சும்மாவா?

ஆனால் அங்கே நடப்பது என்ன தெரியுமா? மேலிருந்து ஒரு குழாய் தொங்கும். அதன் முனையை இழுத்து இஞ்சின் வாயில் மாட்ட வேண்டும். பட்டனை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கழற்றி விட வேண்டும். எவ்வளவு போகணும் என்பது மெஷினுக்குத் தெரியும். என்ன ஆயில் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் டேங்க் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லப்பன் இத்தனை வருஷத்தில் கம்பெனிக்குள் ஒரு சொட்டு ஆயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய பைக்குக்கு ஆயில் மாற்றுவதுகூடச் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மெக்கானிக். வடக்குப்பட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்பதால்தான் அவ்வளவு தூரம் போய் மாற்றிக்கொண்டு வந்தான்.

ஊரில் சாதா ஆயில் ஊற்றிக்கொண்டிருந்த வரைக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. எல்லோரும் சிந்தெடிக் என்கிற செயற்கை ஆயிலுக்கு மாறினார்களோ இல்லையோ, ஊர் இரண்டாகப் பிரிந்தது. முக்கு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஒரு அலமாரி நிறையச் சிவப்பு டப்பா, ஒரு அலமாரி நிறைய நீல டப்பா. இரண்டிலும் முன்பக்கம் ஃபுல் சிந்தெடிக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சிவப்புக் கட்சிக்குத் தலைவர் எல்லப்பனின் தாய்மாமன் இராமச்சந்திரன். நீலக் கட்சிக்குத் தலைவன் ராஜாமணி, டாக்ஸி ஓட்டுகிறவன். கல்யாணப் பந்தியில்கூட இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. சாம்பார் வருவதற்குள் இஞ்சினுக்குப் போய்விடுவார்கள். எல்லப்பன் மட்டும் இரண்டு கட்சிக்கும் பொது. இரண்டு பேருக்கும் "அதையே ஊத்து" என்று சொன்னவனாயிற்றே.

இந்த நிலையில்தான் அவன் மனைவி கங்கா கார் வாங்கினாள்.

கங்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்தவள். முழு ஷிஃப்டும் நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று யோசித்து யோசித்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் எடுத்தாள். மண்ணூரில் ஒரு ஹாஸ்டலில் போய்ப் பேசி, அங்கே தங்கியிருக்கிற பெண்களை ஒரகடத்துக்கு ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையைப் பிடித்துவிட்டாள். தாம்பரத்தில் ஏழு பேர் உட்காருகிற பழைய வண்டி ஒன்று கிடைத்தது. வேலையை விடுவதாகக் கம்பெனியில் பேப்பரும் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை முதல் ஓட்டம். இனி அந்த இஞ்சின் நின்றால் அவள் பிழைப்பு நின்றது. மறுபடியும் அந்த லைனில் போய் நிற்க அவள் காலில் தெம்பு கிடையாது.

வண்டி வந்த அன்று சாயங்காலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாய்யா ஊத்தணும் என் வண்டிக்கு?"

பழக்க தோஷம், எல்லப்பன் வாய் தானாகத் திறந்தது. "இப்ப இன்னா ஊத்திகினு கீற?"

"அது தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கறேன்? வித்தவன் வெளிநாட்டுக்குப் பூட்டான். எத்தினி மாசமா நின்ன வண்டியோ. இருக்கறத வடிச்சிட்டுப் புதுசா ஊத்தணும். நீதான் சொல்லணும்."

எட்டு வருஷமாகக் காப்பாற்றி வந்த ஒரே ஒரு கேள்வி எல்லப்பனைக் கைவிட்டுவிட்டது.

"நாயித்துக்கெழம பாக்கலாம்மே. பொறுமையா மோந்து பாத்துச் சொல்றேன்."

"பாரு. ஊரே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகும்போது சிரித்தாளா இல்லையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் பரவியது. சொந்தப் பெண்டாட்டி வண்டிக்கு எல்லப்பன் சிவப்பு சொல்வானா நீலம் சொல்வானா என்பதுதான் அந்த வாரம் முழுக்க டீக்கடைப் பேச்சு. இராமச்சந்திரன் வழியில் மடக்கி, "மாப்ள, தாய்மாமன் மானம் உன் கையில கீது" என்றார். ராஜாமணியோ நீல டப்பாவைப் போகிற வழியில் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லப்பனுக்கு இவர்கள் மானத்தைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. ஊர் வண்டிக்குப் புளுகும்போது வராத பயம் இப்போது வந்தது. சோறு இறங்கவில்லை. கங்கா ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பதைப் பார்க்கிறவன் அவன்தானே.

கம்பெனியில் விசாரித்துப் பார்க்கலாம் என்று சூப்பர்வைசரிடம் போய் இளித்தான். "சார், நம்ப குழாயில வர ஆயில் இன்னா ஆயிலு சார்?"

அவ்வளவுதான். சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன், ஏதாவது லீக்கா? கலர் மாறுதா? குவாலிட்டி இஷ்யூவா?" என்று போனை எடுத்துவிட்டார். இரண்டு பேர் ஓடி வந்து குழாயைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் மண்டியிட்டுத் தரையையே மோந்து பார்த்தார். "சும்மாதான் சார் கேட்டேன்" என்று எல்லப்பன் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்கள். சும்மா கேட்பதற்கு அங்கே யாருக்கும் பழக்கம் கிடையாது.

டீ பிரேக்கில் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் மாரிசெல்வி. அவனுக்கு அடுத்த ஸ்டேஷன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், மண்ணூர் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவள். எல்லப்பன் ஆயில் நிரப்பிவிட்ட இஞ்சினுக்கு மூடி போட்டுத் திருகுவது அவள் வேலை.

"என்ன அண்ணாச்சி, நெசமாவே தெரியாமத்தான் கேட்டியளா?"

"இன்னாமா தெரியும் எனக்கு? குழா வருது, மாட்றேன்."

"அட நான் போடுத மூடியிலதான எழுதியிருக்கு! ஜீரோ டபிள்யூ ட்வென்டின்னு, ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்லுத நம்பர். எல்லா காருக்கும் மூடி மேல நம்பர் இருக்கும் அண்ணாச்சி. அந்தந்த இஞ்சினுக்கு அந்தந்த நம்பர். ஆயில் டப்பாவுலயும் அதே நம்பர் போட்டிருப்பான். நம்பரப் பாத்து வாங்க வேண்டியதுதான். கலருல என்ன இருக்கு?"

எல்லப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டான். எட்டு வருஷம்! அவனிடம் வரும்போது எல்லா இஞ்சினும் வாயைத் திறந்துகொண்டுதான் வரும். மூடி போட்ட இஞ்சினை அங்கே அவன் பார்த்ததே இல்லை. அவன் தேடிய பதில் அடுத்த ஸ்டேஷனில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாளெல்லாம் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரிலோ அவன் குச்சியைத்தான் உருவுவான். மூடியைத் தொட்டதே கிடையாது. அது எல்லா வண்டியிலும் அழுக்கு அப்பிக் கருப்பாகக் கிடக்கும். கார்க்காரர்கள் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டுக் கலரைச் சொல்வதோடு சரி.

நல்ல மனுஷனாக இருந்தால் அன்றைக்கே ஊருக்குப் போய் விஷயத்தை உடைத்திருப்பான். எல்லப்பன் கெட்டவன் இல்லை. ஆனால் அவ்வளவு நல்லவனும் இல்லை. பஸ்ஸில் வரும்போது அவன் யோசித்தது ஒன்றே ஒன்று. இது வெளியே தெரிந்தால் கண் உள்ளவன் எல்லாம் ஆயில் டாக்டர் ஆகிவிடுவான். தெரியாவிட்டால்? மஞ்சள் துணியால் மூடியைத் துடைக்கிற சாக்கில் நம்பரைப் பார்த்துக்கொண்டு, மோந்து கண்டுபிடித்த மாதிரி சொல்லலாம். இதுவரைக்கும் சொன்னது வெறும் புளுகு. இனிமேல் சொல்லப்போவது சரியான நம்பர். ஊருக்கும் நல்லது, தனக்கும் நல்லது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான், அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலி மனை நிரம்பிவிட்டது. கங்கா வண்டி நடுவில் நின்றது. பழைய ஆயிலைக் காலையிலேயே வடித்தாகிவிட்டது. அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல பெரியவங்க வண்டி" என்று எல்லப்பன் இராமச்சந்திரன் காரிடம் போனான். "மூடிய ஏன் மாப்ள துடைக்கிற?" என்றார் அவர். "தூசி உள்ள வுழக்கூடாது மாமா" என்று பதமாகத் துடைத்தான். நம்பரைப் பார்த்தான். குச்சியை உருவினான், மோந்தான், கண்ணை மூடினான். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"மாமா, இந்த இஞ்சின் கேக்கறது ஃபைவ் டபிள்யூ தேர்ட்டி. நீ ஊத்தி கீறது அது இல்ல."

இராமச்சந்திரன் டிக்கியில் கிடந்த காலி டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். டென் டபிள்யூ ஃபார்ட்டி. அவர் வாய் திறந்தபடியே நின்றது. கூட்டம் ஆவென்றது. யாரோ கை தட்டினார்கள். ராஜாமணியே தன் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு வந்தான். அவனுக்கும் நம்பர் சொன்னான். அவன் மடியில் வைத்துக்கொண்டு பந்தா காட்டிய நீல டப்பாவும் வேறு நம்பர்தான். எல்லப்பன் மூக்குக்கு அன்றைக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

"இப்ப என் வண்டி" என்றாள் கங்கா.

எல்லப்பன் துணியை உதறிக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இஞ்சின் வாயில் மூடி இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

"மூடி எங்கமே?"

"எதுக்கு மூடி?" கங்கா குரலில் தேன் வழிந்தது. "நீதான் மோந்தே சொல்லுவியே. வடிச்ச ஆயிலு அதோ டப்பாவுல கீது. குச்சியும் கீது. மோந்து சொல்லு."

எல்லப்பன் முகத்தில் ஈ ஆடவில்லை. சுற்றிலும் அத்தனை தலை. சொல்லு மாப்ள என்றார் இராமச்சந்திரன். சொல்லுண்ணா என்றார்கள் பையன்கள். அவனுக்கு நாக்கு நுனியில் ஒரு நம்பர் இருந்தது. மாரிசெல்வி சொன்ன ஜீரோ டபிள்யூ ட்வென்டி. அதைச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஊர் நம்பும். கை தட்டும். அந்த நம்பர் ஆயில் வண்டிக்குள் போகும். நாளைக்கு இந்த வண்டியில் கங்கா உட்காருவாள்.

கங்காவின் காலைப் பார்த்தான். நின்று நின்று வீங்கிய கால்.

"தெரியலமே" என்றான்.

"இன்னா?"

"தெரியல. மோந்து நான் ஒரு நாளும் எதையும் கண்டுபுடிச்சது இல்ல. மூடி மேல நம்பர் போட்டு கீது. அதப் பாத்துதான் இப்ப சொன்னேன். உன் வண்டிக்கு இன்னா நம்பர்னு அது இல்லாம எனக்குத் தெரியாது. தப்பா சொல்லிட மாட்டேன். மூடியக் குடு."

கங்கா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து மூடியை எடுத்தாள். பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். அவன் கையில் வைத்து, "படி" என்றாள்.

"ஃபைவ் டபிள்யூ தேர்ட்டி" என்று படித்தான். ட்வென்டி இல்லை, தேர்ட்டி.

அடுத்த நிமிஷம் எல்லப்பனைச் சுற்றி ஒருத்தரும் இல்லை. எல்லோரும் அவரவர் பானட்டுக்குள் தலையை விட்டு மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைத்துக்கொண்டே திட்டவும் செய்தார்கள். எட்டு வருஷத்துக்கான திட்டையும் எல்லப்பன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். தோளில் இருந்த மஞ்சள் துணியை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

வீட்டுக்குள் வந்ததும் கங்காவைக் கேட்டான். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வண்டியில வரப்போற பொண்ணுங்களப் பாக்க நேத்து ஹாஸ்டலுக்குப் போனேனே. அந்த மாரிசெல்வி சொல்லிச்சி. எங்க ஆயில் அண்ணாச்சி மூடியில நம்பர் இருக்கதே தெரியாதவருன்னு சிரிச்சிச்சி. எந்த அண்ணாச்சின்னு கேட்டேன். உன் பெரிய மூக்க வெச்சே அடையாளம் சொல்லிச்சி."

"அப்புறம் ஏன்மே ஊர் முன்னாடி மானத்த வாங்கின? வூட்டுலயே கேட்டு இருக்கலாம் இல்ல?"

"வூட்டுல கேட்டா நீ உண்மை பேசறது பெரிய விஷயமா? ஊர் வண்டிக்கெல்லாம் புளுகின. என் வண்டிக்கும் புளுகுவியான்னு பாக்கணும் இல்ல?"

"புளுகி இருந்தா?"

கங்கா நிதானமாகச் சோற்றைப் போட்டாள். "கம்பெனிக்குப் போட்ட மாதிரி உனக்கும் பேப்பர் போட்டு இருப்பேன்."

எல்லப்பன் சாப்பிட்டான். சோறு இறங்கியது.

சாயங்காலம் ஆயில் வாங்கக் கடைக்குப் போனார்கள். சிவப்புக் கட்சியும் நீலக் கட்சியும் மொத்தமாகப் பின்னாலேயே வந்தன. அந்த நம்பரில் கடையில் இருந்தது ஒரே ஒரு பச்சை டப்பா. இராமச்சந்திரனும் ராஜாமணியும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று முறைத்தார்கள். கங்கா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஊற்ற, எல்லப்பன் புனலைப் பிடித்துக்கொண்டான். உண்மையில் அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகப் புது இஞ்சின் ஆயில் போவதைக் கண்ணால் பார்த்தான். தேன் மாதிரி இருந்தது.

இருட்டுவதற்குள் வாசலில் ஒரு ஆள். இராமச்சந்திரன்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, மூடியில நம்பர் போட்டு கீறது வாஸ்தவம்தான். ஆனா கம்பெனிக்காரன் தப்பாப் போட்டு இருந்தான்னா? எதுக்கும் நீ ஒரு தடவ மோந்து சொல்லிடேன்."

உள்ளேயிருந்து கங்கா சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. மண்ணூரில் ஐந்து பெண்கள் ஏறினார்கள். பின்சீட்டு மூலையில் முடங்கிக்கொண்டு எல்லப்பனும் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் ஷிஃப்டுக்குப் போவதற்கு பஸ் எதற்கு? கங்கா காலை நன்றாக நீட்டி, முதுகைச் சாய்த்து, ராணி மாதிரி ஓட்டினாள். இஞ்சின் சத்தமே தெரியவில்லை.

மாரிசெல்வி முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "அண்ணாச்சி, வண்டிக்குள்ள ஒரு வாசம் வருதே. என்னன்னு மோந்து சொல்லுங்க பாப்போம்."

வண்டியே கொல்லென்று சிரித்தது. கங்கா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். எல்லப்பன் கண்ணை மூடினான். மூச்சை நன்றாக இழுத்தான்.

"மல்லிப்பூ" என்றான். "என் பொண்டாட்டி தலையில கீது. சிந்தெடிக் இல்ல, ஒரிஜினல்."

எட்டு வருஷத்தில் அவன் மூக்கு சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.